பின்கதவுக்கு நான் பொறுப்பு

மோகனப்பிரியா சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்து கதவை அளந்துகொண்டிருந்தாள். டேப்பின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் அதன் மேல் தன் செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள்.

மாலை நாலு மணி. மெஸ்ஸில் சுண்டலுக்குத் தாளிக்கும் வாசனை வந்தது. நான் டீ குடிக்க வந்தவள், அவளைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"என்ன மோகனா பண்றே?"

"கதவு எத்தனை அகலம்னு பாக்கறேனுங்க மேம். இது மூணரை அடி. முன்கதவு ரெண்டு பக்கமும் திறந்தா ஆறடி. எண்ணூறு பேருக்கு இது பத்தாதுங்க."

"எண்ணூறு பேரும் ஒரே நேரத்துல எதுக்கு உள்ள வரணும்? ரெண்டு பந்தியாத்தானே சாப்பாடு?"

"மழை வந்தா வருவாங்கல்லங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். பங்குனி மாத வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. ஹாஸ்டல் டேவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. "மழை வர்றப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனேன்.

அவள் செருப்பை நகர்த்தி வைத்து மறுபடியும் அளந்தாள்.

பாட்டுக் கேட்கும் உத்தியோகம்

நான் கணக்கு வாத்தியார். அன்னூர் ரோட்டில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் நடத்திக்கொண்டிருந்தவளைப் பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனாகப் போட்டார்கள். என் மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான், கணவருக்கு ஷிஃப்ட் வேலை, 'உங்களுக்கு நேரம் இருக்கும்' என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒன்பது வருடம் அந்த வேலையில் இருந்தேன்.

எண்ணூறு பெண்களுக்கு ஒரு விழா நடத்துவதைப் பற்றிக் கேட்பவர்கள் கோலம், பட்டுப்புடவை, நடனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் மாணவிகளே பார்த்துக்கொள்வார்கள். வார்டனின் வேலை வேறு.

ஐஸ்கிரீம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது வார்டன் வேலை. முதல் வருடம் நான் அதை நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கு எல்லோருக்கும் ஒரு கிண்ணம் இளஞ்சிவப்புப் பால் கிடைத்தது. வாழை இலையைத் தலைக்கு ஒன்றாகச் சொல்லக் கூடாது, கிழிசலுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் நிறுத்தினால் மைக்கில் அதன் சத்தம்தான் வரும். கேரளத்துப் பெண்களுக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கும் பாயசத்தில் எது உயர்ந்தது என்று சண்டை வந்தால் இரண்டையும் வைக்கச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு பாட்டு. நடனத்துக்கான பாட்டுகளையெல்லாம் இரண்டு நாள் முன்னதாக பென் டிரைவில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதில் ஆட்சேபணைக்குரிய வரிகள் இல்லை என்று துணை வார்டன் கையெழுத்துப் போட வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து குத்துப்பாட்டாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். பல வரிகள் எனக்குப் புரியாது. புரியாததை எப்படி ஆட்சேபிப்பது என்று எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

இந்தத் தொடரில் மெஸ் கமிட்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய மாணவி போன் செய்தாள். "மழை பெஞ்ச வருசத்தை எழுதுவீங்களா மேம்?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஐஸ்கிரீமைப் பற்றித்தான் முதலில் வருகிறது.

வாடகை டெக்

நானும் விடுதியில் இருந்து படித்தவள்தான். எங்கள் காலத்தில் ஹாஸ்டல் டே என்றால் கேசரி, ஒரு வாழைப்பழம், வாடகை டெக். காந்திபுரத்தில் ஒரு கடையில் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்குத் தருவார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். மூன்று படம் போடுவார்கள். இரண்டாவது படத்தின் பாதியில் டெக் சூடாகி நின்றுவிடும். ஈரத் துணியை அதன் மேல் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருப்போம்.

நாங்கள் அறுபது பேர். ஒரே ஹால், ஒரே கதவு. அந்தக் கதவு பூட்டியிருந்ததா திறந்திருந்ததா என்று எத்தனை யோசித்தும் நினைவில்லை. அறுபது பேருக்குக் கதவு ஒரு விஷயமாக இருக்கவில்லை. எண்ணூறு பேருக்கு அதுதான் முதல் விஷயம் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு வாத்தியார் இல்லையா.

பூட்டு எப்படி வந்தது

பின்கதவுக்குப் பூட்டு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மோகனா சேர்வதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது.

அந்தக் கதவைத் திறந்தால் சர்வீஸ் சந்து. பால் வண்டி, கேஸ் வண்டி வருகிற வழி. ஒரு ஹாஸ்டல் டே அன்றைக்கு சவுண்ட் சர்வீஸ்காரர்களோடு சேர்ந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பையன்கள் அந்த வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். எங்கள் கல்லூரிப் பையன்கள்தான். எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு ஓரமாக நின்று நடனம் பார்த்தார்கள், பாயசம் குடித்தார்கள். யாரோ போட்டோ எடுத்துப் போட்டுவிட, மறுநாள் பெற்றோர் முப்பது பேர் போன் செய்தார்கள்.

எங்கள் சீஃப் வார்டன் தெய்வசிகாமணி சார் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர். நல்ல மனிதர். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். அந்த முப்பது போனையும் அவர்தான் எடுத்தார். அதற்குப் பிறகு விழா நாளில் பின்கதவுக்கு வெளியே பூட்டுத் தொங்கியது.

அதே நாளில் இரண்டு பிளாக்குகளின் கிரில் கேட்டையும் பூட்டிவிடுவோம். அறையிலேயே படுத்துக்கொண்டு நிகழ்ச்சிக்கு வராமல் இருக்கும் பெண்களுக்காக. அது யாருடைய யோசனை என்று கேட்டால், என்னுடையது.

கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும்

மோகனப்பிரியா மூன்றாம் வருடம் சிவில். அந்த வருடத்து விடுதிச் செயலாளர். அன்னூருக்குப் பக்கத்தில் வாழையும் கோழிப்பண்ணையும் வைத்திருந்த குடும்பம். குரல் உயர்த்தமாட்டாள். ஒன்றைப் பிடித்தால் விடவும் மாட்டாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சீஃப் வார்டன் அறைக்கு ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மேசையில் விரித்தாள். புல்வெளி, மேடை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் அளவோடு வரைந்திருந்தாள்.

"மழை வந்தா எல்லாரும் சாப்பாட்டு ஹாலுக்குத்தான் ஓடுவாங்க சார். பிளாக்கு ரெண்டும் பூட்டியிருக்கும். ஹால்ல டேபிள் எல்லாம் தரையோட பதிச்சது, நகத்த முடியாது. நடுவுல இருக்கற சந்துலதான் நிக்கணும். முன்னாடி வர்றவங்க பின்கதவு வழியா சர்வீஸ் சந்து ஷெட்டுக்குப் போயிட்டா நெருக்கம் வராது. அதனால பின்கதவு திறந்திருக்கணுங்க."

தெய்வசிகாமணி சார் தாளை நன்றாகத்தான் பார்த்தார். "ட்ராயிங் நல்லாருக்கு கண்ணு. ஆனா அந்தக் கதவு திறக்க முடியாது. பேரண்ட்ஸுக்கு நாமதான் பதில் சொல்லோணும்."

"ஆள் நிறுத்தலாங்க சார்."

"யாரை நிறுத்தறது?"

அவள் பதில் சொல்வதற்குள் நான் சொன்னேன். "நான் நிக்கறேன் சார். பூட்டு பூட்டாவே இருக்கட்டும். சாவி என்கிட்ட இருக்கட்டும். மழை வந்தா உடனே திறந்துடறேன்."

இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்திவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி. சாருக்கும் நிம்மதி. மோகனா மட்டும் தாளைச் சுருட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிகழ்ச்சி முடியற வரைக்கும் அங்கயே இருப்பீங்களா மேம்?"

"இருப்பேன்."

"செரிங்க" என்று சொல்லித் தாளைச் சுருட்டினாள்.

நாலே முக்கால்

விழா நாலு மணிக்குத் தொடங்கியது. நான் சொன்னபடி சர்வீஸ் சந்தில், பின்கதவுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. கைப்பையில் சாவி.

நாலரைக்கு மாணவி ஒருத்தி ஓடி வந்தாள். "மேம், பிரின்சிபால் உங்களை மேடைக்குக் கூப்பிடறாங்க. சீஃப் கெஸ்ட் வந்துட்டாங்க."

"நான் இங்க இருக்கணும்மா."

"அஞ்சே நிமிசம் மேம். உங்களுக்குப் பொன்னாடை போடறாங்க."

அதை அவள் ரகசியம் போலச் சொன்னாள். எனக்கும் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. எட்டு வருடமாக மேடைக்குப் பின்னாலேயே நின்றவளுக்கு யாரோ நினைத்துக்கொண்டு பொன்னாடை வாங்கியிருக்கிறார்கள். வடக்கே, மேட்டுப்பாளையம் பக்கம், வானம் கறுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மலையில் பெய்கிற மழை, இங்கே வராது என்று நினைத்தேன்.

சாவியை அந்தப் பெண்ணிடமாவது, மெஸ் ஆட்களிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். 'சாவி உங்க கையை விட்டுப் போகக் கூடாது' என்று சார் சொல்லியிருந்தார். அதனால் பையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

பொன்னாடை போட்டார்கள். கைதட்டினார்கள். இறங்கப் போனவளை, சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை உட்காருங்கள் என்று பிரின்சிபால் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

நாலே முக்காலுக்குக் காற்று வந்தது. முதலில் மேடையின் பின்னால் கட்டியிருந்த பேனர் கிழிந்தது. அடுத்து கரண்ட் போனது. அதற்கடுத்து மழை. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. சில இடங்களில் ஆலங்கட்டியும் விழுந்தது.

எண்ணூறு பெண்களும் எழுந்தார்கள். பட்டுப்புடவையும் நடன உடையுமாக, சிரித்துக்கொண்டு, கைகோத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி ஓடினார்கள். முதல் நிமிடம் அது விளையாட்டாகத்தான் இருந்தது. மேடையிலிருந்து எனக்கு முன்கதவு தெரிந்தது. உள்ளே போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு போகிற வேகம் குறைந்தது. பிறகு நின்றது. பின்னால் இருந்தவர்கள் நனைந்துகொண்டே முன்னால் தள்ளினார்கள். சிரிப்புச் சத்தம் மாறியது.

அந்த வித்தியாசம் காதில் விழுந்த உடனே நான் எழுந்து ஓடினேன்.

கூட்டத்துக்குள் போக வழியில்லை. மேடைக்குப் பின்பக்கம் இறங்கி, பி பிளாக்கைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து சர்வீஸ் சந்துக்குப் போக வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயது. புடவை நனைந்து காலைச் சுற்றியது. ஓடினேன் என்று எழுதுகிறேன், அது ஓட்டமாக இருந்திருக்காது.

சந்துக்குள் திரும்பும்போதே கேட்டது. உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பல கைகள். அதில் ஒரு கை மட்டும் நிறுத்தாமல், ஒரே சீராகத் தட்டியது.

வளையத்தில் இரண்டு சாவி. முதலில் போட்டது ஸ்டோர் ரூம் சாவி. அது நுழையவில்லை. அவசரத்தில் வளையம் நழுவிக் கீழே விழுந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் எங்களுடையது. பயம் வந்தால் எனக்குத் தமிழ் வராது. வருகிறேன் என்பதை "ஒஸ்துன்னா, ஒஸ்துன்னா" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். உள்ளே யாருக்குப் புரிந்திருக்கும்?

இரண்டாவது சாவி திரும்பியது. கதவை வெளிப்பக்கம் இழுத்தேன்.

கதவில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தவள் முதலாம் ஆண்டு மாணவி ஹரிணி. பின்னால் இருந்த அழுத்தத்தில் அப்படியே வெளியே விழுந்தாள். கையை ஊன்றினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் நிற்க முடியாமல் அவள் கை மேல் கால் வைத்துப் போனார்கள். நான் அவள் தலைப்பக்கம் குனிந்து இரண்டு கையையும் விரித்து மறைத்தேன். பெண்கள் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே மூச்சுவிட இடம் வந்துவிட்டது.

ஏழெட்டுப் பேருக்குச் சிராய்ப்பு. இரண்டு பேர் மயங்கி, தண்ணீர் தெளித்ததும் எழுந்தார்கள். ஹரிணிக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

இவ்வளவோடு போனதற்குக் காரணம் நான் இல்லை. கூட்டத்தில் நெருக்கியவர்கள் பலரும் சமையலறைப் பக்கம் போகப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அடுப்பில் சாம்பாரும் பாயசமும் ஆள் உயர அண்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தன. மோகனா அந்த வாசலில் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டாள். மெஸ் மாஸ்டர் ஆறுமுகம் அண்ணன் பின்னாலிருந்து அவள் முதுகுக்குத் தோள் கொடுத்திருக்கிறார். "அந்தப் பொண்ணு நகுந்திருந்தா இன்னைக்கு நெனைக்கவே முடியாதுங்க மேடம்" என்று அவர் பிறகு சொன்னார்.

ஹரிணியைக் காரில் ஏற்றும்போது மோகனா வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, ஜாக்கெட் கை கிழிந்திருந்தது. என் தோளில் அந்தப் பொன்னாடை இன்னும் கிடந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"இருப்பேன்னு சொன்னீங்க மேம்" என்றாள்.

நான் காரில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தா

ஹரிணியின் அப்பா ஏழு மணிக்கு வந்தார். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி. அங்கிருந்து நேரே வந்திருந்தார் என்பது வேட்டி ஓரத்துச் செம்மண்ணில் தெரிந்தது. மகளைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

தெய்வசிகாமணி சார் எழுந்து போனார். "மழைல ஓடறப்ப வழுக்கி விழுந்துபோட்டாளுங்க. சின்ன முறிவுதான். மாவுக்கட்டு போட்டா ஆறு வாரத்துல செரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

அவர் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க டீச்சர், நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"வழுக்கி விழலீங்க" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"பின்கதவு பூட்டியிருந்துச்சு. உள்ள கூட்டம் நெருக்கிருச்சு. சாவி என்கிட்ட இருந்துச்சுங்க. மழை வந்தா திறக்கறேன்னு நான்தான் ஒத்துக்கிட்டிருந்தேன். அங்கயே நிக்கறேன்னு சொல்லியிருந்தேன். நிக்கலை. மேடைல உக்காந்திருந்தேன்."

ஹரிணியின் அப்பா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை நேரங்க பூட்டியிருந்துச்சு?"

"மழை வந்ததுல இருந்து நாலஞ்சு நிமிஷம் இருக்குங்க."

"என்ற புள்ள அத்தன நேரமும் கதவத் தட்டிட்டு நின்னாளாக்கும்."

"ஆமாங்க."

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கடைசில கேட்டுதுங்க. சாவி மாத்திப் போட்டுட்டேன்."

இந்தப் பக்கத்து மனிதர்களுக்குக் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. வெளியூர்க்காரர்கள் அதைக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க இப்பக் கெளம்புங்க டீச்சர். உங்களைப் பாத்தா எனக்கு வாய்ல என்ன வருமோ தெரியலீங்க."

கிளம்பினேன். வெளியே மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன். வழியில் அழுகை எதுவும் வரவில்லை. அந்த ஒரே சீரான தட்டல் மட்டும் காதிலேயே இருந்தது.

இரண்டு வரி

மூன்றாம் நாள் ஹரிணியின் அப்பா கல்லூரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இரண்டே வரி. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் வெளியே பூட்டக் கூடாது. கதவுக்குப் பொறுப்பு ஏற்று அதைச் செய்யாதவருக்கு அதே பொறுப்பை மறுபடி தரக் கூடாது.

இரண்டும் நியாயம்தான். நான் நடந்ததை நடந்தபடி எழுதி, வார்டன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கொடுத்தேன். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு விவரமா எழுதணுமா மேடம்?" என்று கேட்டார். எழுத வேண்டும் என்றேன். தெய்வசிகாமணி சார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கேன்டீனில் அவராகவே எதிரில் வந்து உட்கார்ந்தார். "நானும் அந்த ட்ராயிங்கைப் பாத்தேனுங்களே மேடம்" என்றார். இருவரும் டீ குடித்தோம்.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். இனிமேல் ஹாஸ்டல் டேயே வேண்டாம் என்பதுதான் அவர்கள் பேசி வைத்திருந்த முடிவு. பிரச்சினை வராமல் இருக்க விழாவை நிறுத்துவது எல்லோருக்கும் எளிது. மாணவிகள் தரப்பில் மோகனாவும் ஹரிணியும் வந்திருந்தார்கள். நானும் வாக்குமூலம் கொடுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஹரிணி மாவுக்கட்டுக் கையை மேசையில் வைத்துக்கொண்டு பேசினாள். "கை உடைஞ்சது எனக்குத்தானுங்க சார். மழை வந்தப்ப அடுத்த டான்ஸ் எங்களோடது. ரெண்டு மாசம் பிராக்டிஸ் பண்ணி, மேடையே ஏறல. அடுத்த வருசம் ஏறணுங்க."

"உங்க அப்பா என்னம்மா சொல்வாரு?"

"அப்பா கதவைத்தான் பூட்ட வேண்டாம்னாருங்க. நோம்பியை நிறுத்தச் சொல்லலீங்க."

விழாவை ஊர்ப் பேச்சில் அவள் நோம்பி என்றதும் கமிட்டியில் ஒருவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் 'நிறுத்து' என்று சொல்ல வாய் வரவில்லை.

பூட்டுகள் போயின. பின்கதவுக்கு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கச் சுவரில் இன்னொரு வாசல் உடைத்தார்கள். கிரில் கேட்டைப் பூட்டும் வழக்கமும் நின்றது. நிகழ்ச்சிக்கு வராமல் படுத்திருக்கும் பெண் படுத்திருக்கட்டும்.

மோகனா மட்டும் என்னோடு பழைய மாதிரி பேசவில்லை. வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். அவ்வளவுதான்.

மறு வருடம்

அடுத்த பங்குனியில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். இறுதி ஆண்டு. கையில் ஒரு பட்டியல்.

"மேம், ஹாஸ்டல் டேக்குப் பின்கதவுக்கு ஒரு ஆள் வேணுங்க. கதவு திறந்தே இருக்கும். வெளி ஆளுங்க உள்ள வராம பாக்கணும். சந்துல எந்த வண்டியும் குறுக்க நிக்கக் கூடாது. நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும்."

"செக்யூரிட்டியை நிறுத்தலாமே."

"நீங்க நிக்கறீங்களான்னு கேக்க வந்தேனுங்க."

"ஹரிணி அப்பா எனக்குத் தரக் கூடாதுன்னு எழுதியிருக்காரும்மா."

"அவருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வாரேனுங்க."

"என்ன சொன்னாரு?"

"அவங்களையே நிறுத்து அம்மணி, இந்தத் தடவ நகரமாட்டாங்கன்னு சொன்னாருங்க."

பட்டியலை என் பக்கம் நகர்த்தினாள். முதலாம் ஆண்டு மாணவிகள் பெயருக்கு நடுவில், 'பின்வாசல்' என்று போட்டு எதிரில் இடம் விட்டிருந்தாள். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்குக் காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் மாட்ட 'வாலன்டியர்' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். நாலு மணிக்குச் சந்தில் நின்றேன். நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. ஒரு தண்ணீர் லாரி வந்து கதவுக்கு நேராக நிறுத்தப் பார்த்தது. "அக்கட்ட போயி நிறுத்துங்க" என்று தள்ளி நிறுத்தச் சொன்னேன். டிரைவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தள்ளி நிறுத்தினார். ஆறுமுகம் அண்ணன் ஒரு டம்ளரில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார்.

நிகழ்ச்சியில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டும் கைதட்டலும் கேட்டன. ஆறரைக்கு இங்கிலீஷ் துறை மேடம் ஒருவர் சந்துமுனையிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "ரெண்டே நிமிஷம் வாங்க மேடம், ஹரிணி ஆடறா."

"நீங்க பாருங்க மேடம்" என்றேன்.

பாட்டு தொடங்கியது. தரை அதிரும்படியான குத்துப்பாட்டு. வரிகள் வழக்கம்போல எனக்குப் புரியவில்லை. முடிந்ததும் விசில் அடித்தார்கள், இன்னொரு தடவை ஆடச் சொல்லிக் கத்தினார்கள். இன்னொரு தடவையும் ஆடினாள் என்று தெரிந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மழை வரவில்லை.

பந்தி இரண்டும் முடிந்தது. பெண்கள் கை கழுவிக்கொண்டு அந்தக் கதவு வழியாகவும் வந்து போனார்கள். சிலர், "என்ன மேம் இங்க நிக்கறீங்க?" என்று கேட்டார்கள். "டியூட்டி" என்றேன்.

எட்டு மணிக்கு மோகனா பட்டியலோடு வந்தாள். கூடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பேனாவால் என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டாள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சுங்க மேம். நீங்க போலாம்."